கட்டளை யார் கையில்?

1942 நவம்பரில் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய நாளிதழின் பெயரில் ‘தந்தி’ என்ற சொல் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் வாங்க வேண்டும் என்று நினைத்து நடத்தப்பட்ட இதழுக்கு அந்தப் பெயர் பொருந்தியதில் வியப்பில்லை. வேகத்துக்கு மதுரைச் சீமையில் அன்று அதைவிட நல்ல சொல் கிடையாது. 1875இல் திண்டுக்கல் வழியாக ரயில் மதுரைக்கு வந்தபோது தண்டவாளத்தின் ஓரமாகக் கம்பியும் ஓடியது. அதற்குப் பிறகு மூன்று தலைமுறைகள் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தன. வாசலில் தந்திக்காரர் நின்றால் படிப்பதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கினார்கள். ஆனால் எல்லோரும் அறிந்திருந்த அந்தச் சாதனத்தின் மொழியை அறிந்தவர்கள் சிலரே. செய்தி கொடுப்பவர் படிவத்தில் எழுதுவார், அல்லது எழுதத் தெரிந்தவரைக் கெஞ்சி எழுதி வாங்குவார். கவுண்டரில் ஒருவர் சொற்களை எண்ணிக் காசு கேட்பார். உள்ளே ஒருவர் மோர்ஸ் கட்டையைத் தட்டுவார். மறுமுனையில் ஒருவர் காதால் கேட்டு எழுதுவார். பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்த அந்தத் தாளைப் படித்துச் சொல்ல ஊரில் ஒரு வாத்தியாரோ கணக்குப்பிள்ளையோ தேவைப்பட்டார். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் நடுவே நான்கைந்து கைகள். மதுரைச் சமவெளிக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்த செய்திக் கருவிகளின் வரலாற்றை இந்தக் கைகளின் வரலாறாகப் படிக்கலாம் என்பது என் எண்ணம். கருவியின் மொழி யாரிடம் இருந்தது என்பதே அந்தக் கருவி எத்தனை நாள் நிலைத்தது, யாருக்குப் பயன்பட்டது என்பதைத் தீர்மானித்திருக்கிறது. இன்று செல்போனில் ஒரு செயலியைத் திறந்தால் தெரியும் கறுப்புத் திரையை, எழுத்தைத் தட்டிக் கட்டளையிடும் அந்த முனையத்தை, இந்த வரிசையின் கடைசியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை தெரியும்.

தந்தியின் மொழிக்கு ஒரு சிக்கனம் இருந்தது. சொல்லுக்குக் காசு என்பதால் வினையும் பெயரும் மட்டும் மிஞ்சின. வாழ்த்துத் தந்தியில் இந்தச் சிக்கனம் இன்னும் முற்றியது. தீபாவளி, பொங்கல், திருமணம், தேர்வு வெற்றி என்று ஒவ்வொன்றுக்கும் தபால் தந்தித் துறை ஆயத்த வாக்கியங்களை வைத்து அவற்றுக்கு எண் கொடுத்திருந்தது. அனுப்புபவர் எண்ணை மட்டும் குறித்தால் போதும். கம்பியில் எண் போகும், மறுமுனையில் முழு வாக்கியம் பூப்போட்ட தாளில் விரியும். சுருக்கமான ஒரு குறியைக் கொடுத்து நீளமான ஒரு காரியத்தை முடித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, கணினியில் நாம் கட்டளை என்று சொல்வதற்கு மிக அருகில் இருக்கிறது. எண்கள் அடங்கிய பட்டியல் தந்தி அலுவலகச் சுவரில் எல்லோர் பார்வைக்கும் தொங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை வந்தவுடன் எண்ணைச் சொல்லிப் பையனை அனுப்பிய குடும்பங்கள் உண்டு. மோர்ஸ் தெரியாத மக்களும் கருவியின் மொழியில் ஒரு துண்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பதற்கு இது முதல் சான்று. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றபோது அந்தப் பட்டியலும் போயிற்று.

மோர்ஸ் கட்டைக்கு அடுத்து வந்தது டெலிபிரிண்டர். தட்டச்சுப் பலகை போன்ற ஒன்றில் தட்டினால் தொலைவில் உள்ள இன்னொரு பொறி அதே எழுத்துகளைத் தாளில் அடிக்கும். இந்தியாவுக்கான பொறிகளைச் செய்ய 1960இல் சென்னை கிண்டியில் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனமே தொடங்கப்பட்டது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் டெலிடைப் என்ற பொறியைக் கணினியோடு இணைத்தார்கள். 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் இயங்குதளத்தை எழுதியது அப்படிப்பட்ட பொறியின் முன் உட்கார்ந்துதான். நொடிக்குப் பத்து எழுத்துதான் அது அடிக்கும், விசைகளும் கனமானவை. அதனால் கட்டளைகளை இரண்டு எழுத்துக்கு ஒடுக்கினார்கள். பட்டியலிட எல்எஸ், படியெடுக்க சிபி, இடம் மாற்ற எம்வி, அழிக்க ஆர்எம். காரியம் சரியாக முடிந்தால் கணினி எதுவும் சொல்லாது, பிழை என்றால்தான் பேசும். தாளும் நேரமும் மிச்சம். சொல்லுக்குக் காசு கொடுத்தவர்களின் சிக்கனமும் கனத்த விசையைத் தட்டியவர்களின் சிக்கனமும் ஒரே கம்பி மரபில் வந்தவை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இந்தக் கட்டளைகளை அப்படியே ஏற்றது. ஆண்ட்ராய்டு செல்போனின் அடியில் இருப்பது லினக்ஸ் கருவகம். ஆகவே மாசி வீதியில் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் போனுக்குள் டெலிடைப்பின் சுருக்கப் பெயரான ‘டிடிஒய்’ இன்றும் இருக்கிறது. முனையத்தைத் திறந்து அந்த மூன்று எழுத்தைத் தட்டினால் ‘நீ உட்கார்ந்திருக்கும் பொறி இது’ என்று பதில் வரும்.

தட்டுகிற விரல் இந்த ஊருக்கு அந்நியமும் இல்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பேருந்து நிலையத்துக்கு அருகே மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கும். லோயர், ஹையர் என்று அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்திய தேர்வுகளுக்காகக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளி முடிந்து வந்து தட்டினார்கள். பார்க்காமல் தட்டும் பழக்கத்தை ஒரு தலைமுறை முழுவதும் வேலைக்கான வழியாகக் கற்றது. கணினியைச் சுட்டியால் மட்டுமே இயக்க முடியும், எழுத்தால் இயக்குவது மேதைகளுக்கு உரியது என்ற எண்ணம் அதற்குப் பிறகு விளம்பரங்கள் கொண்டுவந்த எண்ணம்.

இனி மேலூருக்கு வருவோம். மதுரைக்கு வடகிழக்கே பெரியாறு கால்வாய் பாயும் அந்த வட்டத்தில் 2001இல் தொடங்கிய ஒரு முயற்சி உலக அளவில் பேசப்பட்டது. சென்னை ஐஐடி, அசோக் ஜுன்ஜுன்வாலாவின் வழிகாட்டுதலில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி நுட்பம் இதன் அடிப்படை. மேலூரில் ஒரு கோபுரம். அதிலிருந்து பார்வைக்கு மறைவில்லாத கிராமங்களுக்குத் தொலைபேசியும் விநாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணையமும். மலை மறைக்காத சமவெளியாக இருந்தது நுட்பத்துக்கு வாய்ப்பாக அமைந்தது. என்-லோக் என்ற நிறுவனம் இணைப்பு கொடுத்தது. அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு ஆகியவற்றின் ஆய்வாளர்களும் சேர்ந்தனர். ஏறக்குறைய 50,000 ரூபாய் முதலில் ஒரு கணினி, அச்சுப்பொறி, கேமரா, தமிழ் மென்பொருள் ஆகியவற்றோடு கிராமத்தில் ஒருவர் மையம் தொடங்கலாம். சில மையங்களைத் தனியார் நடத்தினார்கள், சிலவற்றை மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளை நடத்தியது. பிறப்பு, இறப்பு, சாதி, வருமானச் சான்றுகளுக்கான விண்ணப்பம் தாலுகா அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போயிற்று. கண்ணின் படத்தை எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினால் வர வேண்டுமா வேண்டாமா என்று பதில் வந்தது. நோய்கண்ட பயிரின் படம் யானைமலையடியில் உள்ள வேளாண் கல்லூரிக்குப் போயிற்று. ஒரு நாள் கூலியையும் பேருந்துக் காசையும் இழந்து மேலூருக்குப் போய்த் திரும்பிய மக்களுக்கு இது சிறிய உதவியல்ல.

ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் மையங்கள் ஒவ்வொன்றாக மூடின. தனியார் நடத்தியவை முதலில் மூடின. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகிய இரு ஆய்வாளர்கள் இந்த மூடலையே பொருளாக எடுத்து ஆராய்ந்தார்கள். வருமானம் போதாமை முதல் காரணம் என்பது எதிர்பார்த்ததுதான். ஆதரித்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் தாலுகா அலுவலகச் சேவைகள் தளர்ந்தன. இதோடு தொழில்நுட்ப உதவி போதிய அளவில் கிடைக்காததும் மூடலுக்குக் காரணம் என்று அவர்கள் கண்டார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த கண்டுபிடிப்பு: மையத்தை நடத்தியவர் முன்பே கணினிப் பயிற்சி பெற்றவராகவோ, தனியே பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்தியவராகவோ இருந்தால் அந்த மையம் நீண்ட நாள் தாக்குப்பிடித்தது. இதே வட்டத்தில் கண்மாய்கள் நூற்றாண்டுகளாக நின்றதற்கு என்ன காரணமோ அதுவே இங்கும் காரணம் என்பேன். மடையை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது, கரை கசிந்தால் என்ன செய்வது என்று அறிந்த நீர்பாய்ச்சி அந்த ஊரிலேயே இருந்தார். மேலூர் மையங்களில் கணினி ஊருக்கு வந்தது, அதன் நீர்பாய்ச்சி வரவில்லை. திரையில் பிழைச்செய்தி தோன்றினால் தொலைபேசியில் சொல்லிவிட்டு ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரம் நின்ற கணினி ஒரு வார வருமானத்தைக் கொண்டுபோகும், வாடிக்கையாளரின் நம்பிக்கையையும் கொண்டுபோகும்.

இதற்கு மாற்றான சான்று அதிக தூரத்தில் இல்லை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் கிராமங்களுக்கு அருகே சிறிய கண் மையங்களைத் திறந்தது. மையத்தில் மருத்துவர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஊழியர் பரிசோதிப்பார், மருத்துவர் காணொளி வழியாக நோயாளியைப் பார்த்துப் பேசுவார். முன்பு மதுரை மாவட்டத்தோடு இருந்த தேனியில் இதற்கான இணைப்பைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ப்ரூவர் வழிநடத்திய குழு அமைத்தது. பயன்படுத்தியது கார்டெக்ட் அல்ல, வீட்டில் வைக்கிற அதே வைஃபை. வீட்டு வைஃபை ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குச் சிறு கணம் காத்திருக்கும், பல கிலோமீட்டர் தூரம் என்றால் பதில் தாமதமாகும், தொலைந்துவிட்டது என்று எண்ணி மறுபடி அனுப்பும், தடம் நெரிசலாகும். இந்த முறையை மாற்றி, இரு முனைகளும் நேரத்தைப் பங்குபோட்டு மாறி மாறிப் பேசும்படி இயக்கு மென்பொருளைத் திருத்தினார்கள். திசை நோக்கிய ஆன்டெனாவோடு சேர்ந்து 15 கிலோமீட்டர் வரை இணைப்பு நின்றது. திருத்த முடிந்ததற்குக் காரணம், கோபுரத்தில் வைத்த பெட்டிக்குள் ஓடியது லினக்ஸ். படமும் பொத்தானும் இல்லாத, கட்டளை வரியால் மட்டுமே பேசும் சிறு கணினி அது.

அந்தக் குழு 2008இல் வெளியிட்ட கட்டுரையில் நுட்பத்தின் வெற்றியைவிடப் பிழைகளின் வரலாறே அதிகம். மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கியதில் பெட்டிகள் கெட்டன. பாதி அழுத்தத்தில் தொங்கிக்கொண்டு உயிரும் இல்லாமல் அணையவும் இல்லாமல் நின்றன. எது பழுது என்று சொல்லத் தெரியாமல் ஊழியர்கள் தவித்தார்கள். தொலைவில் உள்ள பொறியாளர் பெட்டிக்குள் நுழைந்து பார்க்க இணைப்பு வேண்டும், பழுதாகியிருப்பதே இணைப்பு. அதனால் ஒவ்வொரு பெட்டியும் தானே வெளியே அழைத்து ஒரு பின்கதவைத் திறந்துவைக்கும் நிரலை எழுதினார்கள். அதற்கு ‘வீட்டுக்குப் போன் செய்தல்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் இன்னொன்றும் நடந்தது. பழுதைக் கண்டறிவதையும் நீக்குவதையும் உள்ளூர் ஊழியர்களுக்குப் படிப்படியாகக் கற்றுக்கொடுத்து, வலையைப் பேணுவதை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த வலை சோதனை முயற்சியாகத் தொடங்கி மருத்துவமனையின் அன்றாட வேலையாகிப் பெருகியது. மேலூரையும் தேனியையும் ஒப்பிடுவது முழுவதும் நியாயமில்லை என்று ஒருவர் சொல்லலாம். அரவிந்த் பெரிய நிறுவனம், அதற்கு நோயாளிகளும் வருமானமும் உண்டு. மேலூரில் கடன் வாங்கித் தொழில் தொடங்கிய தனி ஆள் எதைக் கொண்டு தாங்குவார்? ஒப்புக்கொள்கிறேன். பணம் இல்லாமல் அறிவு மட்டும் ஒரு மையத்தைக் காப்பாற்றியிருக்காது. ஆனால் மேலூருக்குள்ளேயே, ஒரே வட்டத்தில், ஒரே வறட்சியில், ஒரே வாடிக்கையாளர்களை நம்பிய மையங்களுக்குள் பயிற்சி பெற்றவர் நடத்தியது நீடித்தது என்ற சான்றைப் பணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது.

மேலூர் மையங்கள் மூடிய அதே ஆண்டுகளில் செல்போன் ஊர்களுக்குள் வந்தது. கூடவே ஒரு பழக்கமும் வந்தது, அதை யாரும் தொழில்நுட்பம் என்று மதிக்கவில்லை. ரீசார்ஜ் கார்டின் வெள்ளிப்பூச்சைச் சுரண்டி, நட்சத்திரக் குறி, ஓர் எண், மறுபடி நட்சத்திரம், கார்டின் நீண்ட எண், கடைசியில் ஹாஷ் என்று தட்டி அழைப்புப் பொத்தானை அழுத்தினார்கள். மீதிப் பணம் பார்க்க வேறொரு எண், கம்பெனிக்குக் கம்பெனி வேறு. போனின் அடையாள எண்ணுக்கு *#06#. எழுதப் படிக்கத் தெரியாத களையெடுக்கும் பெண்ணும் இவற்றை மனப்பாடமாக வைத்திருந்தார். இலக்கணத்தைப் பாருங்கள்: தொடக்கக் குறி, காரியத்தின் பெயர், காரியத்துக்கு வேண்டிய விவரம், முடிவுக் குறி. கட்டளை வரியின் இலக்கணமும் இதுதான். 2014இல் *99# என்ற எண் வழியாக இணையமில்லாத போனிலும் வங்கிக் கணக்கைப் பார்க்கும் வசதி நாடெங்கும் விரிந்தபோது தமிழும் அதன் மொழிகளில் ஒன்றாக இருந்தது. தந்தி அலுவலகச் சுவரில் தொங்கிய எண்பட்டியல் இப்படிச் சாதாரண மனிதரின் விரலுக்கு வந்து சேர்ந்தது. இடையில் கவுண்டர் இல்லை. கட்டளையிடும் பழக்கத்துக்குக் கல்வி போதாது, ஆங்கிலம் போதாது என்று சொல்பவர்களுக்கு இந்தப் பத்தாண்டுகளே பதில்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிந்தது. தொடுதிரை போன்கள் எல்லோர் கைக்கும் வந்தன. படத்தைத் தொட்டால் காரியம் நடந்தது. இதைக் குறைத்துப் பேச மாட்டேன். எழுத்தறியாதவர் பேரனின் முகத்தைத் தொட்டு வெளிநாட்டுக்குப் பேசுவது பெரும் விடுதலை. ஆனால் படங்களுக்கு ஓர் எல்லை உண்டு. செயலியை எழுதியவர் எதை நினைத்தாரோ அதை மட்டுமே அதில் கேட்க முடியும். அவர் நினைக்காத காரியத்துக்கு வழி கிடையாது, எங்கே தவறியது என்று சொல்லும் வாயும் கிடையாது. அதனால்தான் உலகம் கைக்குள் வந்த பிறகும் இ-சேவை மையத்திலும் ஜெராக்ஸ் கடையிலும் வரிசை குறையவில்லை. நடுவில் நின்ற கை வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

படங்களுக்கு அடியில் பழைய வழி எப்போதும் இருந்தது என்பதை முதல் ஆண்ட்ராய்டு போனே ஒரு பிழையால் காட்டிக்கொடுத்தது. 2008இன் இறுதியில் வெளிவந்த ஜி1 என்ற போனில், பயனர் எதைத் தட்டினாலும் அது திரைக்குப் பின்னால் முழு அதிகாரம் கொண்ட ஒரு கட்டளை முனையத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. நண்பருக்கு எழுதும் செய்தியில் ‘ரீபூட்’ என்ற சொல்லைத் தட்டியவரின் போன் அணைந்து மறுபடி எழுந்தது. கூகுள் விரைவில் அதை அடைத்தது. கதவைப் பூட்டியதை நான் குறை சொல்லவில்லை, அப்படித் திறந்து கிடப்பது ஆபத்து. முறையான கதவு 2015இல் வந்தது. ஃபிரெட்ரிக் ஃபோர்ன்வால் எழுதிய டெர்மக்ஸ், போனின் உள் அதிகாரத்தைக் கைப்பற்றாமல், தனக்குரிய எல்லைக்குள் ஒரு லினக்ஸ் சூழலை அமைத்துத் தரும் செயலி. அதில் பைதான் நிரல் எழுதலாம், சி மொழியில் எழுதியதை இயக்கலாம், தொலைவில் உள்ள சர்வருக்குள் நுழைந்து பழுது பார்க்கலாம், ஆயிரம் படங்களுக்கு ஒரே வரியில் பெயர் மாற்றலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் இயங்குதளச் செய்முறைப் பாடத்தில் தொடக்கத்திலேயே வரும் பயிற்சிகளில் ஒன்று யுனிக்ஸ் கட்டளைகள். மதுரையைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரிகளில் ஆய்வகக் கணினிக்கு முறை வைத்துக் காத்திருந்து செய்யும் அந்தப் பயிற்சியை, மடிக்கணினி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளை இன்று இரவு தன் போனிலேயே செய்து பார்க்கலாம். தேனியின் கோபுரப் பெட்டிகளைத் திருத்தியவர்கள் தட்டிய அதே கட்டளைகள் அவை, ஓர் எழுத்துகூட மாறாதவை.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது, இந்தக் கதவின் சாவி நம்மிடம் இல்லை என்பது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, ஒரு செயலி தன் சொந்த இடத்தில் எழுதிவைத்த நிரலை இயக்கக்கூடாது என்று விதித்தது. டெர்மக்ஸின் உயிரே அதுதான். 2020க்குப் பிறகு ப்ளே ஸ்டோரில் அதன் புதுப்பிப்பு நின்றுபோய், எஃப்-ட்ராய்டு போன்ற வேறு களஞ்சியங்களில் வாங்க வேண்டியதாயிற்று. ஆண்ட்ராய்டு 12 பின்னணியில் ஓடும் துணை வேலைகளை 32க்குள் கட்டியது. 2025 மார்ச்சில் கூகுளே பிக்சல் போன்களில் டெபியன் லினக்ஸ் ஓடும் முனையம் ஒன்றைக் கொடுத்தது. கொடுத்தவர் நாளை எடுக்கவும் கூடும். இது குத்தகை நிலம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் குத்தகை நிலத்தில் உழுது கற்ற கை, நிலம் மாறினாலும் கூடவே வரும். தந்தி அலுவலகத்தின் கட்டை மோர்ஸ் தெரிந்தவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அவர் கற்றது அவரோடு இருந்தது. இன்னொரு மறுப்பு மோசடி பற்றியது. டெர்மக்ஸைக் கொண்டு அடுத்தவரின் போனுக்குக் குறுஞ்செய்திகளை மழையாகப் பொழிவது எப்படி, போலி உள்நுழைவுப் பக்கம் செய்வது எப்படி என்று கற்பிக்கும் காணொளிகள் தமிழிலும் உலவுகின்றன. கவலைக்குரிய விஷயம்தான். ஆனால் மக்கள் அதிகம் பணம் இழப்பது எப்படி என்று பாருங்கள். ரகசிய எண்ணை யாரோ கேட்டதும் சொல்லிவிடுகிறார்கள், போனையே அடுத்தவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். கருவிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாததே அங்கே ஓட்டை. சிறிய கண்ணாடியில் விரலால் தட்டுவது வலி என்ற குறையும் உண்மை. நாற்பது வரி நிரலை அதில் எழுதுவது பொறுமையைச் சோதிக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தனி விசைப்பலகையை இணைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிற குறை அது.

தமிழில் கட்டளை என்ற சொல்லுக்கு உத்தரவு என்ற பொருள் மட்டும் இல்லை. கோயில் வழக்கில் அது ஓர் ஏற்பாடு. இன்ன நாளில் இன்ன வேளையில் இந்த விளக்கு எரிய வேண்டும், இவ்வளவு பூ, இவ்வளவு அரிசி, அதற்கு இந்த நிலத்தின் விளைச்சல் என்று ஒருவர் எழுதிவைத்தால், அவர் இல்லாத காலத்திலும் காரியம் நடக்கும். அவர் கட்டளைதாரர். முனையத்தில் எழுதும் சிறு நிரலும் இதே வகையைச் சேர்ந்தது. ஒரு முறை வரிசையாக எழுதிவைத்தால், சொன்ன நேரத்தில் சொன்ன முறையில் நடந்துகொண்டே இருக்கும். செயலியைத் தொடுபவர் ஒவ்வொரு முறையும் கும்பிடுகிறவர். நிரல் எழுதிவைப்பவர் கட்டளை ஏற்படுத்துகிறவர். ஆங்கிலச் சொல்லுக்குத் தேடிய இந்தத் தமிழ்ச் சொல், மூலத்தைவிட நிறைவானதாக அமைந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மொழி பற்றிய மறுப்புக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை, ஆனாலும் அதுவே எனக்கு மிக நெருக்கமானது. கட்டளைகள் ஆங்கிலத்தின் எலும்புகள். அவற்றுக்குத் தமிழில் மாற்றுப்பெயர் வைத்துக்கொள்ள முடியும். எல்எஸ்ஸைப் ‘பட்டியல்’ என்று அழைக்க ஒரு வரி போதும். இடர் எழுத்துருவில் இருக்கிறது. டெலிடைப் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் கொடுத்தது, முனையமும் அந்தக் கட்டங்களைச் சுமந்தே வந்திருக்கிறது. தமிழில் ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறி மெய்யின் இரு பக்கமும் நிற்கும். கட்டத்துக்குள் அது அடங்காமல் பல முனையங்களில் சிதறிப்போகிறது. தமிழ்த் தட்டச்சுப்பொறி செய்தவர்கள் புள்ளிக்கு நகராத விசை வைத்து இதே சிக்கலைச் சமாளித்தார்கள். ‘மதுரை’ என்ற சொல்லின் நீளத்தை முனையத்தில் கேட்டுப் பார்த்தால் சிக்கல் இன்னும் தெளிவாகும். நமக்கு அது மூன்று எழுத்து. ஒருங்குறிக்கு ஐந்து குறி: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. கோப்பில் அது பிடிக்கும் இடம் 15 பைட். மூன்றா, ஐந்தா, பதினைந்தா என்ற கேள்வி எந்தச் செயலியின் பளபளப்பான திரையிலும் எழுவதில்லை. முனையம்தான் அதை நேருக்கு நேர் காட்டுகிறது. தமிழைக் கணினியில் சரிசெய்தவர்கள் எல்லோரும் இந்த எண்ணிக்கையில் இடறி, பிறகு எழுந்தவர்களே. முத்து அண்ணாமலை தொடங்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைதான் தொகுப்பு, ‘மதுரை’யை மூன்று எழுத்தாகவே எண்ணிக் கொடுக்கிறது. அதையும் போன் முனையத்திலேயே நிறுவலாம்.

மதுரையின் பெயரைத் தாங்கிய இன்னொரு காரியம் இந்தத் திரைக்கென்றே செய்யப்பட்டதுபோல் இருக்கிறது. 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், சங்கம் இருந்த ஊரின் பெயரில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் தட்டச்சில் பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கியது. டிஸ்கி குறியீட்டிலும், பிறகு ஒருங்குறியிலும். வெறும் எழுத்துக் கோப்பாக வைத்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான நூல்களும் ஒரு சினிமாப் படத்தைவிட மிகக் குறைந்த இடத்தில் அடங்கும். அவற்றைப் போனில் ஒரு கோப்புறையில் வைத்து, ‘கிரெப்’ என்ற கட்டளையோடு ஒரு சொல்லைத் தட்டினால், இணையம் இல்லாமல், விளம்பரம் இல்லாமல், அந்தச் சொல் வரும் ஒவ்வொரு வரியும் எந்த நூலிலிருந்து வந்தது என்ற குறிப்போடு சில நொடிகளில் இறங்கும். அட்டவணை தயாரிக்க ஒரு காலத்தில் புலவர்கள் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை அது. ஆனால் நம் ஆற்றைத் தேடுகிறவர் ‘வைகை’ என்று தட்டினால் பரிபாடலின் வெள்ளம் அவருக்குக் கிடைக்காது. அந்த நூல் அதை ‘வையை’ என்றே அழைக்கிறது. அது தெரிந்தவர் தட்டும்போதுதான் கறுப்புத் திரையில் வரிவரியாக ஆறு இறங்கி வரும்.